தூது ஆர்.என்.ஏ.: மூல ஏட்டைத் தொடாத தூதுவன்

2021 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பைசர், மொடேர்னா ஆகிய தடுப்பூசிகள் இலங்கைக்கு வந்து சேர்ந்தபோது, அவற்றுடன் கூடவே ஒரு புதிய சொல்லும் எமது மக்களின் பேச்சில் புகுந்துகொண்டது. எம்.ஆர்.என்.ஏ. என்பதே அந்தச் சொல்லாகும். அதுவரை உயர்தர வகுப்பில் உயிரியல் பயின்ற மாணவர்களுக்கு மாத்திரமே பரிச்சயமாயிருந்த அச்சொல், ஒரு சில வாரங்களுக்குள் சந்தையிலும் தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் பள்ளிவாசல் முன்றலிலும் அடிபடத் தொடங்கியது. துரதிர்ஷ்டவசமாக, அச்சொல்லோடு விளக்கம் வந்து சேரவில்லை; வதந்தியே வந்து சேர்ந்தது. இந்த ஊசியை ஏற்றிக்கொண்டால் பரம்பரையே மாறிவிடும் என்றனர் சிலர். பெண்கள் கருத்தரிக்க மாட்டார்கள் என்றனர் வேறு சிலர். ஊசி மருந்தில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கின்றது என்ற கதையும் பரவியது.

பெருந்தொற்றின் உக்கிரம் தணிந்து ஆண்டுகள் சில கடந்துவிட்ட போதிலும் அந்தச் சந்தேகங்கள் முற்றாக அகன்றுவிடவில்லை. எமது நாட்டில் மாத்திரமன்றி, இத்துறையில் உலகுக்கே முன்னோடியாகத் திகழ்ந்த அமெரிக்காவிலும் இதுவே நிலைமையாகும். 2025 ஓகஸ்டில் அந்நாட்டின் சுகாதாரத் திணைக்களம், எம்.ஆர்.என்.ஏ. முறையில் தடுப்பு மருந்து தயாரிப்பதற்கான 22 ஆய்வுத் திட்டங்களுக்கு வழங்கிவந்த சுமார் 50 கோடி டொலர் நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரு மூலக்கூறு அரசியல் விவகாரமாக மாறிவிட்ட இக்காலகட்டத்தில், அது உண்மையில் என்ன, அது எமது உடலில் என்ன செய்கின்றது, எதனைச் செய்ய முடியாதது என்பவற்றை நிதானமாக நோக்குவது பயனுடையதாகும் என நாம் கருதுகின்றோம்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.என்.ஏ. என்பது ஆய்வுகூடத்தில் எவரோ கண்டுபிடித்த செயற்கைப் பொருள் அன்று. இதனை வாசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரது உடலிலும், ஏறக்குறைய ஒவ்வொரு கலத்திலும், இக்கணத்தில் பல்லாயிரக்கணக்கான எம்.ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் உருவாகிக்கொண்டும் அழிந்துகொண்டும் இருக்கின்றன. நாம் உண்ணும் கீரையிலும் மீனிலும் இறைச்சியிலும் அவை உள்ளன. அவையின்றி உயிர் வாழ்க்கை இல்லை.

இதனை விளங்கிக்கொள்வதற்கு, எமது மக்கள் நன்கறிந்த காணிப் பதிவகத்தை உதாரணமாகக் கொள்ளலாம். ஒரு மாவட்டத்தின் காணிகள் பற்றிய மூல ஏடுகள் பதிவகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை எவரும் வெளியே எடுத்துச் செல்ல முடியாது. தேவையானவர்கள் அந்த ஏட்டின் குறித்த பக்கத்துக்குப் பிரதியொன்றைப் பெற்று, அதனைக் கொண்டுபோய்த் தமது அலுவலை முடித்துக்கொள்கின்றனர். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து, வீட்டோடு உறுதிகளையும் இழந்த எத்தனையோ குடும்பங்கள் இத்தகைய பிரதிகளைப் பெறுவதற்காக அலைந்து திரிந்ததை நாம் அறிவோம். பிரதி கிழிந்து போகலாம், நனைந்து போகலாம், அதன்மீது எவரேனும் கிறுக்கியும் வைக்கலாம். அதனால் பதிவகத்திலுள்ள மூல ஏட்டில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை.

எமது உடலின் பெரும்பாலான கலங்களில் கரு என்ற ஒரு பகுதி உண்டு. அதுவே இங்கு பதிவகமாகும். அதனுள் வைத்துப் பேணப்படும் மூல ஏடு டி.என்.ஏ. ஆகும். அடினின், தைமின், குவானின், சைற்றோசின் ஆகிய நான்கு இரசாயன எழுத்துகளால் எழுதப்பட்ட அந்த ஏட்டின் முழுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்துகளைக் கொண்டது. அதில் புரதங்களை ஆக்குவதற்கான அறிவுறுத்தல்களைத் தாங்கிய சுமார் 20,000 பகுதிகள் இருக்கின்றன. அவற்றையே பரம்பரையலகுகள் என்கின்றோம். ஜீன் எனப் பொதுவாக வழங்கப்படுவதும் இதுவே. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின், சீனியின் அளவைக் கட்டுப்படுத்தும் இன்சுலின், உணவைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்கள் என உடலின் வேலைகளிற் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்களாகும்.

ஆனால் புரதங்கள் கருவுக்குள் ஆக்கப்படுவதில்லை. கருவுக்கு வெளியே, குழியவுருவிலுள்ள இறைபோசோம் எனப்படும் நுண்ணிய தொழிற்கூடங்களிலேயே அவை ஆக்கப்படுகின்றன. மூல ஏடு உள்ளே இருக்கின்றது, தொழிற்கூடம் வெளியே இருக்கின்றது. இவ்விரண்டையும் இணைப்பதற்காக, தேவைப்படும் பரம்பரையலகை மாத்திரம் படியெடுத்து வெளியே கொண்டு செல்லும் பிரதியே எம்.ஆர்.என்.ஏ. எனப்படும் தூது ஆர்.என்.ஏ. ஆகும்.

இந்தத் தூதுவனை விஞ்ஞானிகள் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை 1953 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வொட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் வெளிப்படுத்தினர். ரொசலின்ட் பிராங்ளின் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் அதற்குப் பேருதவியாக அமைந்தன. ஏடு எங்கே இருக்கின்றது என்பது அதன் மூலம் தெரிந்தது. ஆயின், அதிலுள்ள செய்தி தொழிற்கூடத்தை எவ்வாறு சென்றடைகின்றது என்பது அதன் பின்னரும் ஏழாண்டுகள் புதிராகவே இருந்தது. இறைபோசோமிலேயே நிரந்தரமாக ஆர்.என்.ஏ. காணப்பட்டமையால், அதுவே செய்தி என்று பலரும் எண்ணியிருந்தனர்.

1960 ஏப்ரல் 15 ஆம் திகதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜ் நகரில் சிட்னி பிரென்னரின் அறையில் கிரிக்கும், பாரிஸிலிருந்து வந்திருந்த பிரான்சுவா ஜேக்கப்பும் வேறு சிலரும் கூடி உரையாடிக்கொண்டிருந்தனர். பக்றீரியா ஒன்றுக்குள் ஒரு பரம்பரையலகு புகுந்த சில நிமிடங்களிலேயே அதற்குரிய புரதம் உருவாகத் தொடங்கிவிடுகின்றது, பரம்பரையலகு அழிந்ததும் உற்பத்தியும் நின்றுவிடுகின்றது என்ற பாரிஸ் பரிசோதனைகளின் முடிவை ஜேக்கப் விளக்கினார். அவ்வாறாயின் செய்தியைச் சுமப்பது நிரந்தரமான பொருளாக இருக்க முடியாது, அது விரைவில் உருவாகி விரைவில் அழியும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது அங்கிருந்தோருக்குச் சட்டென உறைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பிரென்னரும் ஜேக்கப்பும் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் சென்று, மத்தியூ மெசெல்சனின் ஆய்வுகூடத்தில் அதனைப் பரிசோதித்தனர். தொடக்கத்தில் தோல்வி மேல் தோல்வியே கிட்டியது. மக்னீசியம் போதாமையால் இறைபோசோம்கள் சிதைந்துவிடுகின்றன என்பது, மனம் சோர்ந்து கடற்கரையில் அமர்ந்திருந்த வேளையில் பிரென்னருக்குத் தோன்றியது. மக்னீசியத்தின் அளவை அதிகரித்ததும் பரிசோதனை வெற்றியளித்தது. வைரஸ் ஒன்று பக்றீரியாவைத் தாக்கும்போது புதிய இறைபோசோம்கள் தோன்றுவதில்லை என்பதும், பழைய இறைபோசோம்களே வைரஸிடமிருந்து வரும் புதிய ஆர்.என்.ஏ.யை வாசித்து வைரஸின் புரதங்களை ஆக்குகின்றன என்பதும் நிரூபிக்கப்பட்டன. 1961 மே மாதத்தில் அம்முடிவு வெளியானது. ஜேக்கப்பும் ஜாக் மொனோட்டும் அதற்குத் தூது ஆர்.என்.ஏ. எனப் பெயரிட்டனர்.

தூதுவன் இருக்கின்றான் என்பது உறுதியாயிற்று. அவன் பேசும் மொழி என்ன என்பதே அடுத்த கேள்வியாக எழுந்தது. அதே 1961 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ஷல் நிரென்பேர்க்கும் ஹைன்ரிக் மத்தாயும் யுராசில் என்ற ஒரேயொரு எழுத்து மாத்திரம் திரும்பத் திரும்ப வரும் ஆர்.என்.ஏ.யைச் செயற்கையாகத் தயாரித்து, கலங்களை உடைத்துப் பெற்ற சாற்றில் இட்டனர். பினைல்அலனின் என்ற ஒரேயொரு வகை அமினோ அமிலத்தால் ஆன சங்கிலி கிடைத்தது. மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன என்ற அடிப்படையில் 1966 ஆம் ஆண்டளவில் அகராதி முழுவதும் வாசித்து முடிக்கப்பட்டது. அதில் 64 சொற்கள் உண்டு. 61 சொற்கள் 20 வகை அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகளாகும். இந்தப் பணிக்காக 1968 இல் நிரென்பேர்க்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவரான ஹர் கோவிந்த் குரானா, இன்று பாகிஸ்தானுக்கு உட்பட்டிருக்கும் பஞ்சாப் பகுதியின் ராய்ப்பூர் என்ற சிற்றூரிற் பிறந்தவர். தூதுவனின் மொழியை வாசிக்கும் இறைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வெளிப்படுத்தியமைக்காக 2009 இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், தமிழகத்தின் சிதம்பரத்திற் பிறந்தவர். இவ்வறிவின் உருவாக்கத்தில் எமது பிராந்தியத்தின் பங்கும் உண்டு என்பது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.

தூது ஆர்.என்.ஏ.யின் தனிச்சிறப்பு அதன் குறுகிய ஆயுளிலேயே தங்கியிருக்கின்றது. பக்றீரியாவில் அது சில நிமிடங்களே நிலைத்திருக்கும். மனித கலங்களில் பெரும்பாலும் சில மணித்தியாலங்கள் நிலைத்திருக்கும். இது இயற்கையின் குறைபாடன்று. உணவு உண்டதும் ஒரு புரதம் தேவைப்படுகின்றது, பசித்திருக்கும்போது வேறொன்று தேவைப்படுகின்றது. காயம் பட்டால் ஒன்றும் காய்ச்சல் வந்தால் இன்னொன்றும் தேவைப்படுகின்றன. பழைய கட்டளைகள் அழியாமற் கிடந்தால் புதிய கட்டளைக்கு இடமிருக்காது. ஈரற் கலத்திலும் நரம்புக் கலத்திலும் இருப்பது ஒரே மூல ஏடுதான். ஆயினும், ஈரலில் எந்தப் பக்கங்கள் படியெடுக்கப்படுகின்றன, மூளையில் எந்தப் பக்கங்கள் படியெடுக்கப்படுகின்றன என்ற வேறுபாடே ஒன்றை ஈரலாகவும் மற்றொன்றை மூளையாகவும் ஆக்கி வைத்திருக்கின்றது.

இந்தப் படியெடுத்தல் நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஐரோப்பாவில் வளரும் ஒருவகை நச்சுக் காளான் சான்றாகும். மரணத் தொப்பி என அழைக்கப்படும் அக்காளானிலுள்ள நஞ்சு, தூது ஆர்.என்.ஏ.யை எழுதும் நொதியத்தை முடக்கிவிடுகின்றது. உண்டவருக்கு முதலில் வயிற்றோட்டமும் வாந்தியும் ஏற்படும். பின்னர் தேறியது போன்ற தோற்றம் காணப்படும். அதன் பின் சில நாட்களுக்குள் ஈரல் செயலிழந்து உயிராபத்து நேரிடுகின்றது. மூல ஏடு எவ்வித சேதமுமின்றி அப்படியே இருக்கும். பிரதி வழங்குவதற்கு மாத்திரம் ஆளில்லை.

பிரதி பிழையாக அமைந்தால் நேர்வதற்கு இத்தனை தூரம் செல்ல வேண்டியதில்லை. எமது நாட்டின் தலசீமியா நோயாளர்களே அதற்கு உதாரணமாவர். பரம்பரையலகில் எழுதப்பட்டிருக்கும் அனைத்தும் புரதத்துக்கு உரியவை அல்ல. இடையிடையே வேண்டாத பந்திகளும் இருக்கின்றன. முதலில் முழுவதும் படியெடுக்கப்பட்டு, பின்னர் வேண்டாத பந்திகள் வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியவை ஒட்டப்பட்ட பின்னரே தூது ஆர்.என்.ஏ. கருவை விட்டு வெளியேறுகின்றது. 1977 இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ரொபர்ட்ஸ் ஆகியோர் இதனைக் கண்டறிந்து 1993 இல் நோபல் பரிசைப் பெற்றனர். இலங்கையில் பீற்றா தலசீமியா நோய்க்கு மிக அதிகமாகக் காரணமாயிருப்பது, ஈமோகுளோபின் பரம்பரையலகின் முதலாவது வேண்டாத பந்தியில் ஐந்தாவது எழுத்தில் நேர்ந்த ஒரேயொரு மாற்றமாகும். குவானின் இருக்க வேண்டிய இடத்தில் சைற்றோசின் இருக்கின்றது. அதனால் எங்கே வெட்டுவது என்ற அடையாளம் குழம்பி, பெரும்பாலான பிரதிகள் பிழையாக வெட்டப்படுகின்றன. அதன் விளைவாகக் குருதி உற்பத்தி குன்றி, பிள்ளைகள் மாதந்தோறும் குருதியேற்றிக்கொண்டே வாழ வேண்டிய நிலை ஏற்படுகின்றது.

தாய், தந்தை இருவரும் இக்குறைபாட்டைக் காவுபவர்களாக இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் ஏற்படும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். காவுபவர்கள் பெரும்பாலும் எவ்வித நோய்க்குறியுமின்றி வாழ்வதால் தமது நிலையைத் தாமே அறியார். குருதிப் பரிசோதனை ஒன்றின் மூலமே அது தெரியவரும். உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கம் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் உண்டு. ஒரே குடும்பத்தில் இரு காவுநர்கள் இணைவதற்கான வாய்ப்பு அதனால் கூடுகின்றது. சாதகப் பொருத்தம் பார்க்கும் பெற்றோரும், நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கும் பெற்றோரும் அதற்கு முன்னதாக இந்தப் பரிசோதனையைச் செய்வித்தால் பல பிள்ளைகளின் துயரத்தைத் தவிர்க்க முடியும்.

இனி, தூது ஆர்.என்.ஏ. மருந்தாக மாறிய வரலாற்றுக்கு வருவோம். உடலுக்குத் தேவையான புரதத்தைத் தொழிற்சாலையில் தயாரித்து உள்ளே செலுத்துவதற்குப் பதிலாக, அதற்குரிய கட்டளையை மாத்திரம் அனுப்பி உடலையே அதனைத் தயாரிக்கச் செய்யலாமே என்ற எண்ணம் பல ஆண்டுகளாகவே இருந்து வந்தது. 1990 இல் எலியின் தசையில் தூது ஆர்.என்.ஏ.யைச் செலுத்தியபோது உரிய புரதம் உருவாகியமை அவதானிக்கப்பட்டது. எனினும் இரண்டு தடைகள் குறுக்கிட்டன. ஒன்று, வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.யை வைரஸின் வருகையாகக் கருதி உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி கடுமையாக எதிர்த்தது. மற்றையது, மிகவும் மென்மையான அம்மூலக்கூறு கலத்தை அடையும் முன்னரே சிதைந்து போனது.

ஹங்கேரி நாட்டில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்த கற்றலின் கரிக்கோ, 1985 இல் கணவருடனும் சிறு மகளுடனும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். மகளின் கரடிப் பொம்மைக்குள் மறைத்து எடுத்துச் சென்ற பணமே அக்குடும்பத்தின் கையிருப்பாக இருந்தது. தூது ஆர்.என்.ஏ. மருந்தாகும் என்ற அவரது நம்பிக்கைக்கு ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லை. 1995 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவர் பதவியிறக்கத்துக்கும் உள்ளானார். ஆயினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. அதே பல்கலைக்கழகத்தில், நிழற்பிரதி இயந்திரத்தின் அருகே அறிமுகமான ட்ரூ வைஸ்மனுடன் இணைந்து முதலாவது தடையை அவர் தகர்த்தார். யுராசில் இடம்பெறும் எழுத்துக்குப் பதிலாக, எமது கலங்களின் வேறுவகை ஆர்.என்.ஏ.களில் இயற்கையாகவே காணப்படும் சற்று மாற்றமுற்ற வடிவத்தைப் பயன்படுத்தினால் நோயெதிர்ப்புத் தொகுதி கிளர்ந்தெழுவதில்லை என்பதை 2005 இல் இருவரும் வெளியிட்டனர். அன்று அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. 2023 இல் அதே கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது தடை, தூது ஆர்.என்.ஏ.யை நுண்ணிய கொழுப்புத் துணிக்கைகளுக்குள் பொதிந்து அனுப்பும் முறையினால் நீங்கியது.

கொவிட் 19 தடுப்பூசி அவசர அவசரமாகத் தயாரிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டுக்கு விடையும் இந்த வரலாற்றிலேயே உள்ளது. 2020 ஜனவரி 11 ஆம் திகதியளவில் அவ்வைரஸின் பரம்பரை எழுத்துத் தொடர் பகிரங்கப்படுத்தப்பட்டது. மார்ச் 16 ஆம் திகதி முதலாவது தொண்டருக்கு மொடேர்னா ஊசி ஏற்றப்பட்டது. இந்த வேகத்துக்குக் காரணம், தூது ஆர்.என்.ஏ. முறையில் மாற்ற வேண்டியது கடிதத்தின் வாசகத்தை மாத்திரமே என்பதாகும். கடித உறையும் எழுதும் முறையும் ஏற்கனவே தயாராக இருந்தன. ஆயினும் மனிதரில் நடத்தப்பட வேண்டிய பரிசோதனைக் கட்டங்கள் கைவிடப்படவில்லை. பைசர் தடுப்பூசி சுமார் 44,000 பேரிலும் மொடேர்னா சுமார் 30,000 பேரிலும் பரிசோதிக்கப்பட்டு, அன்றிருந்த வைரஸ் ஏற்படுத்திய நோயைத் தடுப்பதில் ஏறத்தாழ 95 சதவீதப் பலன் காணப்பட்ட பின்னரே, 2020 டிசெம்பரில் அவற்றுக்கு அவசரகால அனுமதி வழங்கப்பட்டது. பைசருடன் இணைந்து அதனைத் தயாரித்த ஜேர்மனியின் பயோன்டெக் நிறுவனத்தை 2008 இல் இணைந்து நிறுவிய உகுர் சாஹின், ஒஸ்லெம் துரேஜி தம்பதியர் துருக்கிய வம்சாவளியினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அந்தத் தடுப்பூசியில் இருந்தது என்ன? வைரஸின் மேற்பரப்பிலுள்ள முள் போன்ற புரதம் ஒன்றுக்குரிய சுமார் 4,300 எழுத்துகள் கொண்ட தூது ஆர்.என்.ஏ., அதனைப் பொதிந்த கொழுப்பு வகைகள், உப்புகள், சீனி ஆகியனவே. பன்றியிலிருந்து பெறப்பட்ட எப்பொருளும் அவ்விரு தடுப்பூசிகளிலும் சேர்க்கப்படவில்லை. தசையிலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் உள்ள கலங்கள் அக்கட்டளையை வாசித்து முள் புரதத்தை ஆக்குகின்றன. அதனை அந்நியப் பொருளாக இனங்கண்டு உடல் பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றது. கட்டளைத் தாளில் பெரும்பகுதி சில நாட்களில் சிதைந்துவிடும். நிணநீர்க் கணுக்களில் சில வாரங்கள் வரை அதன் எச்சங்கள் காணப்பட்டதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. எவ்வாறாயினும் அது நிரந்தரமாகத் தங்கிவிடும் பொருள் அன்று.

பரம்பரையை அது மாற்றிவிடுமா என்ற கேள்விக்கு, மேற்கூறிய பதிவகத்தையே மீண்டும் நினைவுகூருவோம். தடுப்பூசியின் தூது ஆர்.என்.ஏ. வேலை செய்வது கருவுக்கு வெளியேயாகும். கருவுக்குள் நுழைவதற்குரிய அனுமதிச் சீட்டு அதனிடம் இல்லை. ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யை எழுதும் வைரஸ்கள் உலகில் உண்டு என்பது உண்மையே. எயிட்ஸ் நோயை உண்டாக்கும் வைரஸ் அத்தகையது. ஆனால் அவ்வாறு எழுதுவதற்கு ஒரு நொதியமும், எழுதியதை மூல ஏட்டில் ஒட்டுவதற்கு இன்னொரு நொதியமும் அதனிடம் இருக்கின்றன. தடுப்பூசியில் அவை எவையும் இல்லை. கருத்தரிப்பைப் பொறுத்தவரை, தடுப்பூசி பெற்ற பெண்களிடையே கருவுறும் வாய்ப்பு குறைந்ததாகப் பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் எதிலும் நிரூபிக்கப்படவில்லை.

அதேவேளை, உண்மையான பக்க விளைவுகளை மறைப்பதும் தவறாகும். இளம் ஆண்களில், குறிப்பாக இரண்டாவது ஊசியின் பின்னர் ஒரு வார காலத்துக்குள், இருதயத் தசையில் அழற்சி ஏற்படுவது அரிதாக அவதானிக்கப்பட்டது. 2021 இல் இஸ்ரேலிய சுகாதாரத் துறையினர் இதனை முதலில் சுட்டிக்காட்டினர். பெரும்பாலானோர் குணமடைந்தனர். மிக அரிதாகக் கடும் ஒவ்வாமையும் ஏற்பட்டது. தடுப்பூசியின் பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்தது. புதிய திரிபுகளுக்கு எதிராகத் தொற்றைத் தடுக்கும் ஆற்றல் மேலும் குன்றியது. எனினும் கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் அது வழங்கிய பாதுகாப்பு நீடித்தது. நன்மை, தீமை இரண்டையும் தராசில் வைத்து நோக்கினால் முதியோருக்கும் நோயாளருக்கும் நன்மையே பெரிதும் மிகுந்திருந்தது.

இந்த அறிவு தடுப்பூசியோடு முடிந்துவிடவில்லை. தூதுவனை அனுப்புவது போலவே, வேண்டாத தூதுவனை வழிமறிப்பதும் இன்று மருத்துவமாகியுள்ளது. ஆர்.என்.ஏ. துண்டுகளால் ஒரு தூது ஆர்.என்.ஏ.யை முடக்கலாம் என்பதைக் கண்டறிந்த அன்ட்ரூ பயர், கிரெய்க் மெல்லோ இருவரும் 2006 இல் நோபல் பரிசு பெற்றனர். அதன் அடிப்படையில் உருவான, குருதிக் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஊசி மருந்தொன்று ஆரம்ப ஊசிகளின் பின்னர் ஆண்டுக்கு இரண்டு தடவை ஏற்றிக்கொண்டாற் போதுமானது. நியூயோர்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில், சதையப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற 16 பேருக்கு அவரவர் கட்டியின் தன்மைக்கேற்ப எழுதப்பட்ட தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி வழங்கப்பட்டது. அவர்களுள் 8 பேரின் உடல் அதற்கு நோயெதிர்ப்பைக் காட்டியதாக 2023 இல் அறிவிக்கப்பட்டது. இது ஆரம்ப கட்ட ஆய்வே. இதனைப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளலாகாது.

2025 மே மாதத்தில் பிலடெல்பியா சிறுவர் மருத்துவமனையிலிருந்து வெளியான செய்தி இன்னும் வியப்பானது. அமோனியாவை அகற்ற முடியாத அரிய பரம்பரை நோயுடன் பிறந்த பச்சிளங்குழந்தை ஒன்றுக்கு, அதன் பிழையான ஓர் எழுத்தைத் திருத்தவென்றே தனியாக மருந்தொன்று தயாரிக்கப்பட்டது. எழுத்தைத் திருத்தும் நொதியத்துக்குரிய கட்டளையை ஈரலுக்குக் கொண்டு சென்றது தூது ஆர்.என்.ஏ. ஆகும். இங்கு மூல ஏடு திருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் அதனைத் திருத்தியது, அந்நோக்கத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட நொதியமாகும். தூதுவன் வழக்கம் போலவே கட்டளையைக் கையளித்துவிட்டு மறைந்து போனான். சாதாரண தடுப்பூசிக்கும் இத்தகைய சிகிச்சைக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்வோர் வதந்திக்கு எளிதில் ஆளாக மாட்டார்கள்.

ஆயினும், எமது மக்களின் சந்தேகத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. விஞ்ஞானத்தின் பெயரால் இந்நாட்டில் இழைக்கப்பட்ட அநீதி இன்னும் நினைவிலிருந்து நீங்கவில்லை. கொவிட் தொற்றினால் உயிரிழந்தோரைப் புதைப்பதற்கும் இடமளிக்கலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்த நிலையில், 2020 ஏப்ரலில் இலங்கை அரசாங்கம் தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசடையும் என்ற, ஆதாரமற்ற வாதம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் குழந்தையின் உடல்கூட பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25 ஆம் திகதியே அடக்கம் செய்வதற்கு அனுமதி கிடைத்தது. அதன் பின்னர் ஜனாஸாக்கள் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அதே அரசாங்கம் அடுத்த கையில் தடுப்பூசியை நீட்டியபோது மக்கள் தயங்கியதில் வியப்பேதுமில்லை.

அதற்காக வதந்தியைத் தஞ்சமடைவதும் தீர்வாகாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை உணவில் கலக்கப்படுவதாகக் கதை கட்டப்பட்டு, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். மலட்டுத்தன்மை பற்றிய ஆதாரமற்ற கதை எத்தகைய அழிவைக் கொண்டுவரும் என்பதைச் சொந்த அனுபவத்தில் அறிந்த சமூகத்தினரே, அதையொத்த இன்னொரு கதையைத் தடுப்பூசியின் பெயரால் பரப்புவது வேதனைக்குரியதாகும்.

தகனம் பற்றிய அரசின் தீர்மானத்தையும் மலட்டு மாத்திரை பற்றிய கதையையும் பொய்யெனக் காட்டியது ஒரே அளவுகோல்தான். ஆதாரம் என்ன என்ற கேள்வியே அந்த அளவுகோலாகும். அக்கேள்வியை ஆட்சியாளரிடமும் எழுப்ப வேண்டும், மருந்துக் கம்பனிகளிடமும் எழுப்ப வேண்டும், கைத்தொலைபேசியில் வந்து விழும் செய்திகளிடமும் எழுப்ப வேண்டும்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என எவராலும் கூற முடியாது. அது வரும்போது தூது ஆர்.என்.ஏ. முறையே மிக விரைவில் தடுப்பு மருந்தைத் தரவல்லதாக இருக்கும். செல்வந்த நாடுகள் முதலில் பெற்று, எஞ்சியதை நாம் காத்திருந்து பெறும் நிலை மீண்டும் ஏற்படாதிருக்க, உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் இத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் மையமொன்றை ஏற்படுத்தியது. 2022 ஜூனில் இந்தியா, சாதாரண குளிர்சாதனப் பெட்டியில் வைக்கத்தக்க தனது முதலாவது தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு அனுமதி வழங்கியது. இலங்கையின் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் இத்துறையில் ஆற்றலை வளர்த்துக்கொள்வதற்கு அரசு உதவ வேண்டும். அத்துடன், அடுத்த தடவை மருந்தை அனுப்பும்போது அதுபற்றிய விளக்கத்தையும் மக்களின் மொழியில், மக்கள் மதிக்கும் வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் சமயப் பெரியார்களையும் கொண்டு முன்கூட்டியே வழங்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் வெளியாகும் ஒரு நேர்மையான துண்டுப்பிரசுரம், நன்மையோடு பக்க விளைவுகளையும் ஒளிவுமறைவின்றிக் கூறுமாயின், எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றும் என்பதே எமது நம்பிக்கையாகும்.